கண்காட்சிக்குப் போன வேர்

சின்னக்குழந்தை கல்லூரியில் படித்தது ஏழே மாதம். ஆனாலும் மாங்கொல்லையில் இன்றுவரை அவளுக்குக் 'காலேஜ்காரி' என்றுதான் பேர். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்று, சாமைக் கொல்லையில் களை எடுத்துக் கை காய்த்துப்போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. சிலர் சிரித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். சிலர் சிரிக்காமல் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

மாங்கொல்லையில் மொத்தம் பதினான்கு வீடு. புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டும். அவள் அப்பா மாதையனுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், நான்கு புளியமரம், ஒரு பலா. ஆறு வயதிலேயே மகளை அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அது முடிந்ததும் கீழே டவுனில் ஹைஸ்கூல், அங்கேயும் விடுதி. லீவுக்கு மட்டும்தான் வீடு. பெண்பிள்ளையை இப்படிக் கீழே விட்டுவைப்பது ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. மாதையன் யாரோடும் வாதாடியதில்லை. "அது படிக்கிது. படிக்கட்டும் வுடு," என்பார். எண்பத்தொன்றில் பிளஸ் டூ தேறி அவள் பி.எஸ்ஸி. தாவரவியலில் சேர்ந்தபோது, மாங்கொல்லையிலிருந்து ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

விடுதியிலேயே வளர்ந்ததில் ஒன்று நடந்துவிட்டது. பிறந்தது மலையில்தான் என்றாலும், மலையில் இருக்கிறவர்கள் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராமல் கூடவே இருந்து தெரிந்துகொள்கிற சில சங்கதிகள் அவளுக்குத் தெரியாமலே போயின.

கல்லூரியில் அவள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். பெண்கள் ஒன்பது. வந்த முதல் வாரமே ஆளுக்கொன்றில் சேர்ந்துகொண்டார்கள். தமிழ் மன்றம், நாடகம், என்.எஸ்.எஸ்., கோலாட்டக் குழு. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த படவேட்டு வசந்தி மூன்றில் பேர் கொடுத்தாள். சின்னக்குழந்தை ஒன்றிலும் கொடுக்கவில்லை. விழா என்றால் போவாள். கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்து முழுக்கப் பார்ப்பாள். மேடையில் யார் எந்த இடத்தில் வசனம் மறந்தார்கள், யார் யாருக்குக் கண்ணால் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். அறைக்கு வந்து வசந்தியிடம் சொல்வாள். வசந்தி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

"இவ்ளோ பாக்கிறியே, மேடையில ஏறி ஒண்ணு பண்ணேன்டி."

"எனுக்கு இன்னா தெரியும்?"

பையன்களுக்கு அவள் பேரே போதுமான விளையாட்டாக இருந்தது. "சின்னக்குழந்தைன்னா, பெரிய குழந்தை வூட்ல கீதா?" என்று கேட்பார்கள். அடுத்தது கரடி. "உங்கூர்ல கரடி வூட்டுக்குள்ள வருமாமே?"

"வூட்டுக்கு வராது. பலா பழுத்தா கொல்லைக்கு வரும்," என்று அவள் மரியாதையாகப் பதில் சொல்வாள். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

"நீ ஏன்டி அவனுங்களுக்கு நெசம் சொல்ற?" என்று வசந்தி திட்டுவாள். "வரும், வந்து திண்டுல சாஞ்சிகினு பீடி கேக்கும்னு சொல்லு. அப்ப வாய மூடுவானுங்க."

மார்கழி முடிவில் ராஜவேலு சார் வகுப்பில் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசினார். தாவரவியல் விரிவுரையாளர் அவர். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. பாடத்தில் நிஜமான பிரியம் உள்ள மனுஷன்.

"ஃபர்ஸ்ட் இயர் பசங்க யாரும் டிபார்ட்மெண்ட் வேலையில கலந்துக்கறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தத் தடவ கண்காட்சி முழுக்க உங்க பொறுப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்க இல்ல? ஆளுக்கு ஒண்ணு, உங்க மண்ணுல வெளயறது, வேறெங்கயும் சுலபத்துல பாக்க முடியாதது, கொண்டாங்க. பேர், லத்தீன் பேர், கெடச்ச எடம், கொண்டுவந்தவர். அழகா எழுதி வெக்கணும். பரிசு உண்டு."

பிறகு சின்னக்குழந்தை பக்கம் திரும்பினார். "இவங்கல்லாம் கரும்பும் வாழையும் கொண்டாரப் போறாங்க. நீ மலைக்காரி. உன்னாலதாம்மா இந்தக் கண்காட்சி நிக்கணும்."

மற்ற முப்பத்தொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இரவு அவள் வசந்தியிடம், "சார் என்னைத்தான் சொன்னாரு, இல்ல?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் நான்கு நாளும் யோசித்துக்கொண்டே இருந்தாள். சாமை எடுத்துப் போகலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடுக்காய் நாட்டு மருந்துக்கடையில் மூட்டையாகக் கிடக்கிறது. அப்போதுதான் பரண் மேல் இருந்தது ஞாபகம் வந்தது. ஒரு முழத்துக்குக் குறைவான வேர்க்கட்டை. சந்தன வேர்.

மாங்கொல்லையில் அந்த மரத்தின் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'சர்க்கார் மரம்' என்பார்கள்; யார் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்காருக்குச் சொந்தம். வெளியாள் இருந்தால் அதையும் சொல்ல மாட்டார்கள். குருவி எச்சத்தில் கொல்லை ஓரமாக ஒரு கன்று முளைத்தால், விரல் தடிமன் ஆவதற்குள் களையோடு களையாகப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வளரவிட்டால் ஒரு நாள் காட்டிலாகா கார்டு வந்து அதற்கு நம்பர் போடுவான். பிறகு அது யாரோ வெட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நிலத்துக்காரன் தூங்க முடியாது. வெட்டினவன் லாரியில் போய்விடுவான். முதலில் பிடிபடுகிறவன் நிலத்துக்காரன்தான்.

மாதையன் நிலத்து வரப்பில் அப்படி நம்பர் போட்ட மரம் ஒன்று இருந்தது. சில வருஷம் முன்பு சர்க்கார் ஆட்களே வந்து அதை வேரோடு தோண்டிக்கொண்டு போனார்கள். மண்ணில் தங்கிப்போன ஒரு வேர் பின்னால் ஏர் முனையில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் மீதி எங்கே என்று கேட்பார்கள் என்று பயந்து மாதையன் அதைப் பரணில் போட்டுவிட்டார். வருஷத்துக்கு ஒரு தரம் சாமி கும்பிடும்போது கல்லில் இரண்டு இழைப்பு இழைப்பார்கள். பல வீட்டுப் பரணிலும் இப்படி ஏதோ ஒரு துண்டு உண்டு. யார் வீட்டில் என்று யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் சின்னக்குழந்தை பின்னால் கூட்டிச் சேர்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது அதன் லத்தீன் பேர். அதோடு, அது பக்கத்து மரத்தின் வேரிலிருந்து சாரத்தை எடுத்துக்கொள்கிற மரம் என்ற பாடம்.

"அப்பா, பரண்ல கீற சந்தனக் கட்டைய காலேஜிக்கு எடுத்துப் போவட்டுமா? காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்துடறேன்."

கயிறு திரித்துக்கொண்டிருந்த மாதையன் கை நின்றது. வாசலைப் பார்த்தார். யாருமில்லை.

"அது வோணாம்."

"ஏம்பா? ஒரு நாளுக்குத்தான்."

"வோணாம்னு சொன்னேன் இல்ல. பலாப்பிஞ்சு எடுத்துனு போ."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். மலையிலேயே வளர்கிற பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கல்லூரிக்குத் திரும்புகிற அன்று விடியற்காலை மாதையன் கொல்லைக்குப் போயிருந்தார். அம்மா அம்மாக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னக்குழந்தை பரணில் ஏறி வேரை எடுத்துப் பாவாடையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள். சாமி பொருளை எடுக்கிறோம் என்று மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. திருட்டு என்று தோன்றவில்லை. அடிவாரத்து செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆண்களை இறங்கச் சொல்லி மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் கேட்கவில்லை.

கண்காட்சி அன்று பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். முதலாண்டுக்காரர்கள் எல்லோரும் சட்டையில் காகிதப் பட்டை குத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். சின்னக்குழந்தை முதல் தடவையாக அவர்களோடு ஓடினாள். துணிக்கு ஊசி குத்தினாள், தோரணம் கட்டினாள், மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தாள். வகுப்பிலேயே நல்ல கையெழுத்து அவளுடையது. தன்னுடையதைக் கடைசியில் எழுதினாள். 'சந்தன வேர். கிடைத்த இடம்: மாங்கொல்லை, எங்கள் சொந்த நிலம். கொண்டுவந்தவர்: மா. சின்னக்குழந்தை, முதலாண்டு.'

ராஜவேலு சார் வந்து பார்த்தார். கட்டையை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தார்.

"எங்கம்மா கெடச்சிது?"

"வூட்ல இருந்துது சார்."

"அடேங்கப்பா! முன்னாடி டேபிள்ல வை. இன்னிக்கு வர்ற சீஃப் கெஸ்ட்டே காட்டிலாகா ரேஞ்சர்தான். சந்தோஷப்படுவாரு."

சாரும் கீழ்நாட்டு ஆள். சந்தனம் என்றால் அவருக்கும் பாடப்புத்தகம்தான்.

ரேஞ்சர் மத்தியானம் வந்தார். கூட ஒரு கார்டு. நிதானமான, சிரித்த முகம். ஒவ்வொரு மேஜையிலும் நின்றார். கரும்பைப் பார்த்து, "இதத் தின்னுட்டு மார்க் போடலாமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். சின்னக்குழந்தை மேஜைக்கு வந்ததும் கட்டையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். எழுதி வைத்ததைப் படித்தார்.

"நீயாம்மா எழுதனது? அச்சு மாதிரி இருக்குதே. எந்த வருஷத்து மரம்?"

"தெரியாதுங்க சார். ஏர் ஓட்டறப்ப வந்துதாம். பரண்ல இருந்துது."

"பரண்ல. செரி. இன்னாத்துக்கு வெச்சிருக்காங்க?"

"சாமிக்குத் தேய்ப்போம் சார். வருஷத்துக்கு ஒரு தரம்."

"உங்க வூட்ல மட்டுமா? ஊர்ல எல்லாரும் தேய்ப்பாங்களா?"

இத்தனை பெரிய மனுஷன் யாரும் அதுவரை அவளிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. எல்லோரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரடிக் கேள்வி கேட்டவர்களும் நின்றார்கள்.

"எல்லார் வூட்லயும்தான் சார். பழக்கம்."

"நல்ல பழக்கம்," என்றார் ரேஞ்சர்.

முதல் பரிசு அவளுக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ரேஞ்சரே கொடுத்தார். கைதட்டினார்கள். பேரைக் கூப்பிட்டபோது பையன்கள் விசிலடித்தார்கள். அது வேறு மாதிரி விசில். விழா கலைந்து மேஜைக்கு வந்தபோது கட்டையும் இல்லை, எழுதி வைத்த காகிதமும் இல்லை. மியூசியத்தில் வைக்கச் சார் எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் அவளுக்கு அன்றைய கவலை.

ஐந்தாம் நாள் அவள் அண்ணன் ரங்கன் விடுதி வாசலில் வந்து நின்றான். காலையிலேயே வந்தவனை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மாலை வகுப்பு முடிந்து வந்தபோதுதான் பார்த்தாள். சட்டையில் பொத்தான் இல்லை.

"இன்னா அண்ணா? இன்னாத்துக்கு வந்த?"

"எட்டு வூட்டப் பிரிச்சிட்டாங்க," என்றான். "பரணெல்லாம் கொட்டிட்டாங்க. வெத தானியத்தயும் சேத்து. அப்பாரயும் சின்னதம்பி மாமனையும் ஜீப்ல ஏத்திகினு போய்ட்டாங்க. மத்த ஆம்பளைங்க காட்ல கீறாங்க, எறங்கல."

"ஏன்? இன்னாத்துக்கு?" என்றாள்.

"உன் கையெழுத்த மடிச்சி ஜோபில வெச்சிகினு வந்தான் கார்டு. 'உன் பொண்ணுதான்டா சொல்லிச்சி, எல்லார் வூட்லயும் கீதுன்னு'ன்னு அப்பார் மூஞ்சிக்கு நேரா படிச்சிக் காட்னான். அப்படிச் சொன்னியா நீ?"

"சொன்னேன்."

ரங்கன் அவளை அடிப்பான் என்று நினைத்தாள். அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். "நாளைக்கிக் காலையில ரேஞ்ச் ஆபீசுக்கு வா. நீயே எடுத்துனு போனேன்னு சொல்லு. அவரு குடுக்கல. அத்த மட்டும் சொல்லு, போதும்," என்றான்.

இரவே அவள் ராஜவேலு சார் வீட்டுக்கு வசந்தியோடு போனாள். சார் வாசற்படியிலேயே நின்று பேசினார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நான் சந்தனம் கொண்டான்னு சொல்லலியேம்மா. சொன்னனா?"

"இல்ல சார்."

"பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுட்டாரு. என் வேலையே இன்னும் ஒறுதியாகல. நான் வந்து சாட்சி சொன்னா, மாணவியத் தூண்டிவிட்டது நாந்தான்னு வரும். உன் பேர்ல கேஸ் வந்தா ஸ்காலர்ஷிப் நின்னுடும், காலேஜ்ல இருந்தே எடுத்துருவாங்க. நீ அமைதியா இரு. பெரியவங்க பாத்துப்பாங்க."

எந்தப் பெரியவர்கள் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது வசந்தி, "மொத வரிசையில வைன்னு சொன்னது யாராம்?" என்று முணுமுணுத்தாள். சார் காதில் விழுந்திருக்கும். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மறுநாள் ரேஞ்ச் ஆபீசுக்கு நடந்து போகிற வழியெல்லாம் சின்னக்குழந்தை ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். 'அப்பா வேண்டாம் என்றார். நான்தான் தெரியாமல் எடுத்தேன்.' வசந்தி கூட வந்தாள். ரங்கன் மரத்தடியில் நின்றுவிட்டான்.

உள்ளே மாதையனும் சின்னதம்பியும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாதையனுக்கு உதடு வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் அவர் அவசரமாகத் துண்டை எடுத்து வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார். மேஜைக்குப் பின்னால் அதே ரேஞ்சர். இன்றைக்கும் கோபமில்லாத முகம்தான்.

"வாம்மா. இன்னா சொல்லணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாதையன் பேசிவிட்டார்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நாந்தான் குடுத்தனுப்பனேன். காலேஜில கேட்டாங்கன்னு நாந்தான் பொட்டியில வெச்சேன். கட்டையே அது கண்ல அங்க போய்த்தான் பட்டுது."

"நேத்து வரைக்கும் வாயே தொறக்கல, இன்னிக்கி இவ்ளோ பேசற," என்றார் ரேஞ்சர். பிறகு அவளிடம், "உங்கப்பா சொல்றது நெசமா?" என்று கேட்டார்.

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாதையன் அவளைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்தார். சின்னதம்பி அவளையே பார்த்தார். வசந்தி முழங்கையால் மெல்ல இடித்தாள். வாக்கியம் முழுசாக நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது: விடுதி இல்லை, புத்தகம் இல்லை, மேஜை மேலிருந்த கேஸ் காகிதங்களில் அவள் பேரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. ரேஞ்சர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதத் தொடங்கியதும், இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

வெளியே வந்தபோது ரங்கன் கேட்டான். "சொன்னியா?"

வசந்திதான் பதில் சொன்னாள். "உங்கப்பாவே சொல்லிட்டாருங்க."

கோர்ட்டில் மாதையன் ஒத்துக்கொண்டார். சொந்த நிலம் என்று மகள் கையெழுத்திலேயே இருந்ததால் அவருக்கு ஆறு மாதம் ஜெயில். பரணில் விரல் நீளத் துண்டு வைத்திருந்த சின்னதம்பிக்கு மூன்று மாதம்.

மாசியில் புளி உலுக்குகிற காலம். ஆளில்லை. அம்மா சொல்லி அனுப்பியதால், பதினைந்து நாள் மட்டும் என்று சொல்லிவிட்டுச் சின்னக்குழந்தை மேலே வந்தாள். ரங்கன் மரமேறி உலுக்க, அவளும் அம்மாவும் பொறுக்கிக் காயவைத்து, ஓடு உடைத்து, கொட்டை எடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே களத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவள் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் முறத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள். எழுந்து போகச் சொல்லவில்லை.

சின்னதம்பி பெண்சாதி மங்கம்மாள்தான் ஒரு நாள் வாயைத் திறந்தாள். ஒரு புளியம்பழத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏ காலேஜ்காரி, இதுக்கு லத்தீனுல இன்னா பேரு?"

யாரோ சிரித்தார்கள். சின்னக்குழந்தைக்கு அந்தப் பேர் தெரியும். கொட்டையை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலியா? ரேஞ்சரக் கேட்டுச் சொல்லு. உனக்குத்தான் கேட்ட வேளைக்குச் சொல்லுவானே."

"போதும் வுடுங்க அண்ணி," என்றாள் அம்மாக்கண்ணு.

"நா இன்னா சொல்லிட்டேன்? பேருதான் கேட்டேன். என் புள்ளைங்க அப்பன் எங்கன்னு கேக்குதுங்க, அதுக்கு நா எந்தப் பேரச் சொல்றது?"

பதினைந்து நாள் ஒரு மாதமாயிற்று. வசந்தி போட்ட தபால் கார்டு ஒன்று புதூர்நாட்டு டீக்கடையில் ஒரு வாரம் கிடந்து வந்தது. 'அட்டெண்டன்ஸ் போய்விடும், உடனே வா. என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு உன் பேரையும் கொடுத்திருக்கிறேன்.' நாளை போகலாம் என்று பெட்டியை எடுத்து வைத்தாள். மறுநாள் மாடு கன்று போட்டது. அதற்கடுத்த வாரம் ரங்கனுக்குக் காய்ச்சல். போகக் கூடாது என்று அவள் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. பரீட்சை மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கீழே நடந்து முடிந்தது. ஆனியில் சாமை விதைத்தார்கள்.

மாதையன் ஆவணி தொடக்கத்தில் வந்தார். யாருக்கும் சொல்லவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கித் தானே நடந்து வந்தார். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. கொல்லையில் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்த மகளை வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லீவு வுட்டுட்டாங்களா?"

அவள் நிமிர்ந்தாள். கையில் களைக்கொட்டு. அப்பா இளைத்துப்போயிருந்தார்.

"இல்லப்பா."

அம்மாக்கண்ணு ஓடி வந்து அழுதுகொண்டே சொன்னாள். "அது மாசியிலயே வந்துடிச்சி. அப்பறம் போவல."

மாதையன் வரப்பில் உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரலே எழும்பவில்லை.

"அப்ப நா இன்னாத்துக்கு ஆறு மாசம் அங்க ஒக்காந்துனு இருந்தேன்?"

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு, "கெளம்பு," என்றார்.

பஸ் ஏறிக் கீழே வந்தார்கள். கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. புது முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா. மாதையன் வாசல் தாண்டவில்லை. "நீ போய்க் கேளு. நா இங்க கீறேன். வரணும்னா கூப்புடு, வந்து கைய கால புடிச்சிக் கேக்கறேன்," என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே இரண்டாமாண்டுப் பெண்கள் இருவர் தட்டோடு நின்றார்கள். அவளுக்குத் தெரியாத வேறு பாடப் பிரிவுப் பெண்கள். ஒருத்தி, "வாம்மா, ஏன் லேட்டு? ஃபர்ஸ்ட் இயர்தானே?" என்று கேட்டுக்கொண்டே அவள் தாவணியில் ஒரு ரோஜாப்பூவும் 'நல்வரவு' என்று எழுதிய சிவப்புப் பட்டையும் குத்திவிட்டாள். கையில் மிட்டாய் திணித்தாள். "சீக்கிரம் போ, ஆட்டம் ஆரம்பிச்சிடும்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அப்படியே ஆபீசுக்குப் போனாள். அங்கே குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் புரட்டினார். அவள் பேர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

"மாசியில இருந்து வரல. பேர் எடுத்தாச்சிம்மா. புதுசாச் சேரணும்னா அடுத்த வருஷம் அப்ளிகேஷன் போடு. ஆனா ஸ்காலர்ஷிப் ஒரு தரம்தான். ரெண்டாம் தரம் விடுதியும் கெடயாது, உதவித்தொகையும் கெடயாது."

"ராஜவேலு சாரப் பாக்கலாமாங்க?"

"அவரு இப்ப இங்க இல்ல. வேற ஊருக்குப் போய்ட்டாரு."

அவள் வெளியே வந்தாள். கூடத்தில் யாரோ ஒரு பையனை மேடையேற்றிப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் மாட்டேன் என்று தலையாட்ட, எல்லோரும் கைதட்டிக் கைதட்டி அழைத்தார்கள். ஜன்னலோரம் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். கடைசி வரிசையில் வசந்தி தெரிந்தாள். யாருக்கோ நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

வாசலில் மாதையன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பூவையும் பட்டையையும் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் விரிந்தது. இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"சேத்துக்கினாங்களா?"

ஒரு 'ஆமா' போதும். ஒரு ராத்திரிக்காவது அவர் சாப்பிடுவார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பட்டையைக் கழற்றினாள். ஊசி விரலில் குத்தியது.

"இல்லப்பா. புதுசா வந்த புள்ளன்னு நெனச்சிக் குத்திட்டாங்க. என் பேர எடுத்துட்டாங்க. இனிமே ஆவாது."

மாதையன் தலையை ஆட்டினார். ஒலிபெருக்கியில் அந்தப் பையன் பாட ஆரம்பித்துவிட்டான், குரல் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்பவர்போல நின்றார்.

"செரி வா. மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் ராத்திரிக்குத்தான்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.